‘மீண்டும் வந்ததா?’ என்ற கட்டம்

என் தங்கை வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பதினாறு வருடமாக அதே வேலை. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய பையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், டார்ச், மூக்குக் கண்ணாடி, பேனா என்று அதிலிருக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிறு கட்டி, மறுமுனையைப் பையின் வளையத்தில் முடிந்து வைத்திருப்பார். உயரத்தில் வேலை செய்யும்போது கருவி கீழே விழக் கூடாது என்று கம்பெனியே இரண்டு கயிறு கொடுப்பது உண்மைதான். ஆனால் பேனாவுக்குக் கயிறு கட்டச் சொல்லி எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. நான் கேலி செய்தால், “கட்டலைன்னா காணாமப் போயிடும் மச்சான்” என்பார். அவ்வளவுதான், மேலே பேச்சு வளராது.

நான் அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்பவனுக்கு வாய்தான் பொழுதுபோக்கு. எனக்குத் தெரிந்த விஷயத்தைவிடத் தெரியாத விஷயத்தில் நான் அதிகம் பேசுவேன் என்று என் தங்கை சொல்வாள். அது பொய் என்று சொல்ல மாட்டேன்.

அவர்களுக்கு ஒரே பெண். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஒன்றில் உட்கார்ந்து அடுத்ததற்குப் பறந்துவிடுகிற குணத்தைப் பார்த்து, அவள் நடக்கத் தொடங்கிய நாளிலேயே நான் வைத்த பெயர் தும்பி. இப்போது வீட்டில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

தண்ணீர் பாட்டிலை எடுத்து வா என்று உள்ளே அனுப்பினால் ஒரு ரப்பர் பேண்டும் உடைந்த பட்டனும் கொண்டு வருவாள். பாட்டில் ஞாபகமே இருக்காது. கணக்குப் போடச் சொன்னால் பத்துக் கணக்கில் நாலு சரியாக இருக்கும், ஐந்தாவது பாதியில் நிற்கும், மீதி இடத்தில் ஒரு மீன் நீந்திக்கொண்டிருக்கும். விடை தெரியாமல் இல்லை. வாயால் கேட்டால் சொல்லிவிடுவாள். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள், உடம்பு மட்டும் பெஞ்சில் இருக்கும். ‘கெட்டிக்காரி, ஆனால் கவனம் இல்லை’ என்று மூன்று வருடமாக ரிப்போர்ட் கார்டில் ஒரே வரி. எழுதியவர்கள் வேறு வேறு ஆசிரியர்கள்.

என் தங்கை பேக்கரியில் கவுண்டரில் நிற்பவள். காலை எட்டு மணிக்குள் கடையில் இருக்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் காலை நேரம் என்பது போர்க்களம். எழுந்திரு, பல் தேய், சாக்ஸ் எங்கே, பையை மூடு, செருப்பைப் போடு என்று ஒரே மூச்சில் ஐந்து கட்டளை போகும். தும்பி முதலாவதையும் கடைசியையும் கேட்டிருப்பாள். தங்கை கத்துவாள், பிள்ளை அழும், பிறகு கடைக்குப் போகிற வழியெல்லாம் தங்கையும் அழுதுகொண்டு போவாள். சாயங்காலம் என் கடைக்கு வந்து புலம்பினால் நான் என்ன சொல்வேன்? “ரெண்டு அதட்டு அதட்டினா தானா வழிக்கு வரும்” என்பேன். எல்லாம் செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்றும் சேர்த்துக்கொள்வேன். நான் கொடுத்த செல்லத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இந்த வருடம் பாதியில் வகுப்பு ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். புகார் சொல்லப் போகிறார் என்று நினைத்துத்தான் போனார்கள். அவர் புகார் சொல்லவில்லை. பிள்ளை சேட்டைக்காரி இல்லை, சோம்பேறியும் இல்லை, முயற்சி செய்கிறாள், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கிறாள், இதைச் சில மாதமாகப் பார்க்கிறேன் என்றாராம். இதற்கு என்ன பெயர் என்று சொல்வது தன் வேலை இல்லை, பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

தங்கைக்குச் சுரீர் என்றது. என் பிள்ளைக்கு என்ன குறை, பேசவில்லையா, ஓடவில்லையா என்று என் கடையில் வந்து பொரிந்து தள்ளினாள். நானும் ஒத்து ஊதினேன். பிறகு அவளே தளர்ந்து, “எப்பவுமே இப்படித்தான் இருக்கா, எனக்கே பயமா இருக்கு” என்றாள். மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். அப்போதுதான் கேட்டார், “எப்பவும்னா எப்ப?”

அது அவர் தொழிலில் கேட்கிற கேள்வி. லிப்ட் எப்பவும் நடுவில் நிற்கிறது என்றுதான் எல்லாக் கட்டடத்திலிருந்தும் போன் வரும். இவர் போய்ப் பார்த்தால் ஒழுங்காக ஓடும். அப்படி எப்போதாவது மட்டும் வருகிற பழுதுதான் மெக்கானிக்குக்குப் பெரிய தலைவலி. அதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. நேரம், தளம், பழுது, செய்த வேலை, மீண்டும் வந்ததா என்று அச்சடித்த ஐந்து கட்டம். இரண்டு மூன்று வாரம் விடாமல் எழுதினால், எந்த மாடியில், எந்த நேரத்தில், எதற்கு நிற்கிறது என்று தன்னால் தெரிந்துவிடும் என்பார். ஆனால் அன்றைக்கு என் தங்கை இருந்த கோபத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

டாக்டரிடம் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் வீட்டில் பார்ப்பதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அங்கிருந்து சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு அது போதும். புதிதாக ஒரு பழுதுப் பதிவேட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் கட்டடத்தின் பெயர் எழுதும் இடத்தில் ‘தும்பி’ என்று எழுதினார். நாளுக்கு ஒரு பக்கம் என்று இருபத்தோரு நாள் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை அதை என் கடையில் கொடுத்து, டாக்டருக்கு ஒன்று, ஆசிரியைக்கு ஒன்று என இரண்டு காப்பி எடுத்து வைக்கச் சொன்னார். மறுநாள் காலை டாக்டர். நான் எடுத்தேன். எடுக்கும்போது நாலைந்து பக்கம் படித்துச் சிரித்தும் விட்டேன். ‘காலை 7.10. தளம்: வாசல். பழுது: ஒரு செருப்பு போட்டு நின்றது. மற்றதை எடுக்கப் போய்ப் பூனையிடம் நின்றது. 12 நிமிடம்.’ பெற்ற பெண்ணை லிப்டைப் போலவே எழுதியிருந்தார். தளம் என்ற இடத்தில் சமையலறை, குளியலறை, ஆசிரியை சொன்னதென்றால் வகுப்பறை. அதற்குள் தேர்வுத் தாள் காப்பி எடுக்கக் கூட்டம் வந்துவிட்டது. பதிவேட்டை ஸ்டேப்ளர் பக்கத்தில் அப்படியே போட்டுவிட்டு அதைக் கவனிக்கப் போனேன். தப்பு என்னுடையது. கவனம் இல்லாதது பிள்ளைக்கு மட்டுமா?

தும்பி பள்ளி விட்டதும் என் கடைக்கு வருவாள். அவள் அம்மா வந்து அழைத்துப் போகும் வரை மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். கால் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஸ்டூல் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே இருக்கும். எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. பழகிவிட்டது. அன்றைக்குக் கூட்டம் குறைந்த பிறகு ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. ஸ்டூல் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை முழுசாகப் படித்தறியாத பிள்ளை, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இருபத்தோரு பக்கத்தையும் அசையாமல் படித்து முடித்திருந்தாள்.

“மாமா, லிப்ட் அடிக்கடி பழுதாச்சுன்னா அத மாத்திட்டு வேற வாங்கிடுவாங்கல்ல?” என்று கேட்டாள்.

 ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான், மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, உடனே வாங்க என்று மட்டும் சொன்னேன். விழுந்தடித்துக்கொண்டு வந்தார். பையின் வாய் மூடாமல், கயிற்றில் ஸ்பேனரும் டார்ச்சும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. பதிவேடு அவள் மடியில் இருப்பதைப் பார்த்ததும் பையை அப்படியே தரையில் வைத்தார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. விரலை வைத்து ஒரு கட்டத்தைக் காட்டினாள். “எல்லாத்துலயும் மீண்டும் வந்ததான்னு கேட்டு, ஆம், ஆம்னு எழுதிருக்க. அப்ப நான் சரியாகவே மாட்டேனாப்பா?”

மாப்பிள்ளை காப்பி பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தார். 

“நல்லா இருந்தது எங்க எழுதிருக்கு?”

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா. லிப்ட் நல்லா ஓடுற அன்னிக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க.”

“கோடு போட்டுக்கிட்டிருக்கலாம்ல. நீ என் அப்பாதான?”

பதினாறு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அந்த மனிதர் எதிர்கொண்டிருக்க மாட்டார்.  தப்புதான் என்றார். சுற்றி வளைக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. வேலைக்கு எடுத்துப் போகிற புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கக் கூடாது, அது என் தப்பு என்றார்.

அதன் பிறகு அவளிடம் லிப்டைப் பற்றிப் பேசினார். நடுவில் நின்றால் எல்லோரும் மோட்டார் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் மோட்டாரில் ஒன்றும் இருக்காது, யாரோ கதவில் எதையோ சிக்க வைத்திருப்பார்கள், கதவு சரியாக மூடாததால் லிப்ட் நின்றிருக்கும் என்றார். பதிவேட்டில் ‘செய்த வேலை’ என்ற கட்டத்தைப் படித்தாயா என்று கேட்டார். அவள் அதைப் படிக்கவில்லை. பழுதுக் கட்டத்தையும் ‘மீண்டும் வந்ததா’ கட்டத்தையும் மட்டும்தான் படித்திருந்தாள். சேர்ந்து படித்தார்கள். முதல் வாரம்: ‘சத்தம் போட்டேன். பயன் இல்லை.’ ‘மீண்டும் சத்தம் போட்டேன். அழுதது.’ இரண்டாம் வாரம்: ‘ஐந்து வேலை சேர்த்துச் சொன்னோம். நின்றது.’ மூன்றாம் வாரம்: ‘பக்கத்தில் போய் ஒரு வேலை மட்டும் சொன்னேன். செய்தது.’ ‘கணக்கை மூன்று மூன்றாகக் கொடுத்தேன். முடித்தது.’

“நாங்க கதவுல எதைச் சிக்க வெச்சோம்னுதாம்மா தேடினேன்” என்றார்.

தும்பி யோசித்தாள். “அப்ப நீ சத்தம் போட்டதும் பழுதுதான?”

“ஆமா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நாளைக்கு டாக்டரிடம் வர மாட்டேன் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள். இந்தப் புத்தகத்தை ஒருவர் படித்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பது அவளுடைய கேள்வி. அதில் நியாயம் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஒன்பது வயதுதானே. ஆனால் இனி அவள் தன்னைப் பழுது என்று நம்பிக்கொண்டே வளர்ந்தால் எந்த டாக்டர் என்ன செய்வார்? நான் அதைத்தான் நினைத்தேன். மாப்பிள்ளையும் அதையே நினைத்திருக்க வேண்டும். தரையில் இறங்கி உட்கார்ந்து, என்னிடம் ஸ்கேல் கேட்டார்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்து இடத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே ‘நன்றாக ஓடியது’ என்று எழுதினார். இதை நீயே எழுது என்று பேனாவைக் கொடுத்தார். பேனா பையோடு கட்டியிருந்ததால் அவள் ஸ்டூலை விட்டு இறங்கி, பைக்கு ஒட்டிக்கொண்டு, அதாவது அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருந்தது. கடையில் கயிறில்லாத பேனா முப்பது இருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

செருப்பும் பூனையும் வந்த பக்கத்துக்கு எதிரே அவள் எழுதினாள்: ‘பூனைக்குட்டி வாளித் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. எடுத்துத் துடைச்சு விட்டேன்.’

அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவள் அம்மா தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள், அப்பா கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார், நான் படித்துச் சிரித்திருக்கிறேன். ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிக்கொள்ளக் கூடாது, கண்ணும் கலங்கிவிட்டது.

தங்கை வந்து சேர்ந்தபோது இருவரும் தரையில் பதினோராம் பக்கத்தில் இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவளும் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத் தலைவலி வந்த அன்றைக்கு நீ விளக்கை அணைத்தாயே, அதை எழுது என்றாள். பக்கத்து வகுப்புப் பிள்ளை அழுதபோது மீன் வரைந்து கொடுத்ததை தும்பியே ஞாபகப்படுத்தினாள். எல்லாப் பக்கமும் நிரம்பவில்லை. நாலைந்து பக்கம் காலியாகத்தான் இருந்தன. அது பரவாயில்லை, பொய் எழுத வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பதிவேட்டை டாக்டர் கையில் தானேதான் கொடுப்பேன் என்ற ஒரே நிபந்தனையோடு வரச் சம்மதித்தாள். நான் பழைய காப்பியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தேன்.

மறுநாள் நடந்ததைத் தங்கை சொல்லித்தான் கேட்டேன். டாக்டர் அம்மாவுக்கு அவசரமே இல்லையாம். தூக்கம் எப்படி, காது கேட்கிறதா, கண் பார்த்தாயிற்றா, வீட்டில் ஏதாவது கவலை உண்டா என்று முதலில் அதையெல்லாம் கேட்டிருக்கிறார். அப்புறம் பதிவேட்டை தும்பியிடமிருந்து வாங்கி, அப்பா எழுதியதையும் அவள் எழுதியதையும் படித்திருக்கிறார். இது ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடாக இருக்கலாம், ஆனால் ஒரே நாளில் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன், வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள், ஆசிரியைக்கு ஒன்று, கண், காது பரிசோதனை எல்லாம் வரட்டும் என்றாராம். எதுவாக இருந்தாலும் பிள்ளையின் சோம்பலோ வளர்ப்பின் குறையோ காரணம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் தங்கை அழுதுவிட்டாள். மூன்று வருடமாக நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கியது என்றாள். அந்தப் பாரத்தில் ஒரு கல் நான் வைத்தது.

கடைசியாக டாக்டர், வீட்டில் வேறு யாராவது சின்ன வயதில் இப்படி இருந்தார்களா என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்தாராம். நேரே வேலைக்குப் போவதற்காகக் கொண்டு வந்த பையின் கயிறு நாற்காலிக் காலில் சுற்றிக்கொண்டு, நாற்காலியும் கூடவே வந்ததாம். தங்கையும் தும்பியும் அவரையே பார்த்தார்கள். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய், ஏடிஎச்டிதான் என்று டாக்டர் சொன்னார். இப்போது தும்பிக்கு வகுப்பில் முன் பெஞ்சு. நடுநடுவே நோட்டுப் புத்தகங்களை எல்லோருக்கும் கொடுக்கிற வேலையை ஆசிரியை அவளுக்குக் கொடுத்திருக்கிறார், கால் ஆடுவதற்கு ஒரு வழி கிடைத்தது. வீட்டுப்பாடம் துண்டு துண்டாக. பெற்றவர்களுக்கும் அங்கே சில வகுப்புகள் உண்டு, மாப்பிள்ளை ஒரு வகுப்புக்கு நாள் மாறிப் போய்விட்டார். மருந்தைப் பற்றி, தேவைப்பட்டால் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். பாட்டில் மூடி இன்னும் காணாமல் போகிறது. ஆனால் காலையில் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்பது குறைந்துவிட்டது. நான் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டேன். மற்ற விஷயங்களில் சொல்கிறேன்.

ஒரு நாள் மெஷினில் பேப்பர் சிக்கி நின்றபோது மாப்பிள்ளை குனிந்து அதை எடுத்துக்கொண்டே தானாகப் பேசினார். படிக்கிற காலத்தில் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றாராம். தான் மக்கு என்று அவரே முடிவு செய்துகொண்டாராம். “எனக்கு யாரும் எழுதி வெக்கல மச்சான், அடிச்சாங்க. அதான் நானே எல்லாத்துக்கும் கயிறு கட்டிக்கிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையை நான் கேலி செய்வதில்லை.

போன வாரம் ஒரு நாள் காலை தும்பி அப்பாவோடு கடைக்கு வந்து, கையால் எழுதிய ஒரு தாளை நீட்டி இரண்டு காப்பி கேட்டாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். மேலே கட்டடத்தின் பெயர் என்ற இடத்தில் ‘அப்பா’ என்று இருந்தது.

நேரம்: மாலை 5.50. தளம்: வாசல். பழுது: சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது. செய்த வேலை: ஜன்னல் வழியா கையை விட்டு நான் எடுத்துக் கொடுத்தேன். நன்றாக ஓடியது: யாரையும் திட்டல, சிரிச்சார். மீண்டும் வந்ததா: வரும். பரவாயில்லை, நான் இருக்கேன்.

இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை மாப்பிள்ளை என் கடையிலேயே நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூலையில் துளை போடச் சொன்னார். அதில் நைலான் கயிறு கட்டிப் பையோடு முடிந்துகொண்டு வேலைக்குப் போனார்.